அடைபட்ட துகளும் தமிழ் உரைநடையும்

அறிவியலைத் தமிழிற் கூறுதல் பற்றி இதுகாறும் எழுந்த ஆராய்ச்சிகளுள் பெரும்பாலன கலைச்சொல் பற்றியனவே. 1916இல் சேலத்தில் இராசாசியும் அவர்தம் நண்பரும் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதல் இன்றைய சொல்வங்கிகள் ஈறாக, இப்பொருளுக்கு எச்சொல் என்னும் வினாவே முன்னின்று வந்துள்ளது. சொல் வேண்டுவதே, அதனை மறுப்பார் இலர். ஆயின், சொல் செவ்வனே அமைந்த பின்னரும் கருத்து அமையாது ஒழிதல் உண்டு. அஃது ஏன் என்பதை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அக்கணக்கு, குவாண்டம் இயக்கவியலைக் கற்கப் புகுவார் தொடக்கத்திலேயே எதிர்ப்படுவது: இரு சுவர்களுக்கு இடையே அடைபட்ட துகள் ஒன்றிற்குச் சுரோடிங்கரின் அலைச் சமன்பாட்டைத் தீர்த்தல்.

தமிழ்த்துறை இதழில் இக்கணக்கிற்கு என்ன இடம் என்று வினவுவார் இருக்கலாம். கணக்கின் மெய்ம்மையை ஆராய்தல் இயற்பியலார் கடன். நாம் இங்குத் திறனாய்வது அக்கணக்கைத் தமிழில் எடுத்துரைக்கும் உரையை. நூற்பா ஒன்றிற்கு இளம்பூரணரும் சேனாவரையரும் உரை கண்டதற்கும், சமன்பாடு ஒன்றிற்கு இன்றைய ஆசிரியர் உரை காண்பதற்கும் தொழிலளவில் வேறுபாடு மிகுதியாக இல்லை. இரண்டும் சுருங்கிய வாய்பாடு ஒன்றனுள் அடங்கிக் கிடக்கும் பொருளை விரித்துக் காட்டுவன. உரையின் நலமும் குற்றமும் ஆராய்தல் நம் துறையின் பழந்தொழிலாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு நெருக்கடியும் உண்டு. ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் வழியிலுள்ள திமிரி போன்ற பேரூர்களில், மேனிலை வகுப்பு முடியத் தமிழ் வழியிற் பயிலும் மாணவர் பலர். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் கூடங்களிலோ காலணித் தொழிற்சாலைகளிலோ உழைப்போரின் மக்கள் அவருள் உளர்; தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதிப்போரும் உளர். பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலிலேயே இவர்கள் சுரோடிங்கர் சமன்பாட்டைத் தமிழில் கண்டுவிடுகின்றனர். அதனைத் தீர்க்கும் முறையைப் பெரும்பாலும் கல்லூரியில் ஆங்கிலத்தில் கற்கின்றனர். இடைப்பட்ட பள்ளத்திற்குப் பாலமாவது தமிழில் எழுதப்பெறும் கையேடும் வகுப்பில் ஆசிரியர் கூறும் விளக்கமுமே. அப்பாலம் பழுதுபட்டிருப்பின், விடை தெரிந்தும் பொருள் விளங்காத மாணவரே மறுகரை சேர்வர்.

கணக்கு தமிழகத்திற்குப் புதிதன்று. சுரோடிங்கர் தம் சமன்பாட்டை வெளியிட்டது 1926இல். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1928இல், செருமானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அங்கு மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தனியே சென்று கண்டார். தாம் அரிதின் முயன்று கற்ற பழைய அணுக்கொள்கை அடியோடு மாறிவிட்டது என்பதை அவர் வாயிலாகவே அறிந்தார். சாமர்பெல்டு அவருக்கு அளித்த அச்சுப்படி, உலோகத்துள் இயங்கும் எலக்ட்ரான்களைப் பற்றிய கட்டுரையினது. உலோகத் துண்டைப் பெட்டியாகவும் எலக்ட்ரான்களை அதனுள் அடைபட்டனவாகவும் கொள்வதே அக்கொள்கையின் அடிப்படை. 1930இல் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, சந்திரசேகர் அதே எண்ணத்தை விண்மீனுக்குப் பொருத்தினார். அதன் வழியே, வெண்குறு மீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டெனக் கண்டார். ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுவது அவ்வரம்பே. 1983இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. இவை யாவும் ஆங்கிலத்தின் வழியே நிகழ்ந்தன. அறிவியலைத் தெளிதமிழில் எழுதிய பெ. நா. அப்புசாமி போன்றோர் அக்காலத்தும் இருந்தனர். ஆயின் இக்கணக்கிற்கு, படிதோறும் காரணம் காட்டிச் செல்லும் விருத்தியுரை ஒன்றை நாம் கண்ட அளவில் தமிழில் காணவில்லை. காண்டிகையுரைகளே உள. அவற்றுள்ளும் சில உரையெனத் தகா.

இனிக் கணக்கினை நோக்குவாம். பெட்டிக்குள் துகளைத் தாக்கும் விசை ஏதும் இல்லை. அங்குச் சமன்பாடு கூறுவது இவ்வளவே: அலைச்சார்பு அச்சினின்று எவ்வளவு விலகி நிற்கின்றதோ அவ்வளவிற்கு ஏற்ப அச்சை நோக்கி வளையும், ஆற்றல் மிகின் வளைவும் மிகும். இங்ஙனம் வளைந்து வளைந்து செல்லும் கோடு சைன் அலையாகும். ஆற்றல் சிறிதாயின் நீண்ட அலை. பெரிதாயின் குறுகிய அலை. இதுவரை எவ்வாற்றலும் ஏற்புடையதே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதற்குச் சமன்பாட்டில் இடமில்லை.

தள்ளுதலும் கொள்ளுதலும் சுவர்களிடத்தே நிகழும். சுவருக்கு அப்பால் துகளைக் காணும் வாய்ப்பு அறவே இல்லை எனக் கொண்டோம். ஆதலின் அங்கே அலைச்சார்பு சுழி. அலைச்சார்பு ஓரிடத்தும் திடுமென அறுபடலாகாது. ஆதலின் சுவரிடத்தும் அது சுழியாதல் வேண்டும். இடச் சுவரிற் சுழியாய்த் தொடங்கிய அலை வலச் சுவரிலும் சுழியாய் வந்து முடிய வேண்டுமாயின், இடையே அரையலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். ஒன்று அடங்கும்; இரண்டு அடங்கும்; ஒன்றரை அடங்காது. அலைநீளம் இவ்வாறு வரையறைப்படவே, டி பிராக்லி காட்டிய தொடர்பால் உந்தமும், உந்தத்தால் ஆற்றலும் வரையறைப்படும். பிளாங்க் மாறிலியின் இருபடியை, துகளின் நிறையைப் பெட்டி நீளத்தின் இருபடியாற் பெருக்கி எட்டு மடங்காக்கிய தொகையால் வகுத்தால் முதல் நிலையின் ஆற்றல் கிடைக்கும். இரண்டாம் நிலைக்கு அதன் நான்கு மடங்கு, மூன்றாம் நிலைக்கு ஒன்பது மடங்கு, இவ்வாறே மேலும். ஒரு நானோமீட்டர் நீளப் பெட்டியில் அடைபட்ட எலக்ட்ரானுக்கு முதல் நிலையின் ஆற்றல் ஏறத்தாழ 0.38 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். சுழியாம் நிலை ஒன்று ஏன் இல்லை எனின், அரையலை ஒன்றும் அடங்காத இடத்தில் அலைச்சார்பு எங்கும் சுழி. எங்கும் சுழியெனின் பெட்டியில் துகளே இல்லை என்பது பொருள். சுழியாம் நிலை ஏற்கத்தக்கதன்று என்று மட்டும் எழுதிக் காரணத்தை விட்டுவிடும் வழக்கம் நன்னூலார் கூறும் குன்றக் கூறலின்பாற் படும்.

"துகள் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுள்ளதால் அதன் ஆற்றல் குவாண்டமாக்கப்படுகிறது, துகள் சில குறிப்பிட்ட ஆற்றல்களை மட்டுமே பெறுகிறது." இவ்வகைத் தொடரை நம் மாணவர் பலரும் எழுதக் காண்கின்றோம். இதன்கண் சொற்பிழை இல்லை. கலைச்சொல்லும் உரிய இடத்தில் உள்ளது. எனினும் இஃது உரையாகாது. ஏன்?

முதலாவது, 'அடைக்கப்பட்டுள்ளதால்' என்னும் காரணம் காரியத்தைத் தொடவில்லை. பெட்டியின் ஒரு சுவரை அகற்றி மற்றொன்றை மட்டும் நிறுத்திக் காண்க. அலைச்சார்பு அச்சுவரிற் சுழியாகவே இருக்கும். ஆயினும் மறுபுறம் முடிவின்றிச் செல்வதால் எவ்வாற்றலும் ஏற்புடையதாகும். ஆகவே சுவர் உண்மை மட்டும் காரணமன்று. இரு முனையும் ஒருங்கே விதிக்கும் கட்டே காரணம். இரண்டாவது, 'குவாண்டமாக்கப்படுகிறது' என்பது செயப்பாட்டு வினை. ஆக்குவோர் யார்? முன்னர்த் தொடர்ச்சியாய் இருந்த ஆற்றலைப் பின்னர் ஒருவர் வந்து துண்டித்தார் என்ற எண்ணத்தை அது விளைக்கும். மூன்றாவதே பெருங்குற்றம்: 'பெறுகிறது' என்பதில் துகள் வினைமுதலாய்விட்டது. ஆற்றலைத் தேடிச் சென்று, சிலவற்றைப் பெற்று, சிலவற்றை விடுக்கும் ஓர் உயிர்ப்பொருளாக மாணவன் அதனைக் கருதுவான்.

இப்பிழையின் விளைவை வகுப்பிலேயே காணலாம். இரண்டாம் நிலையில் பெட்டியின் நடுவே அலைச்சார்பு சுழி. உடனே கூர்மையுள்ள மாணவன் வினவுவான்: நடுவில் துகள் ஒருபோதும் இல்லையெனின், இடப் பாதியிலிருந்து வலப் பாதிக்கு அது எவ்வாறு செல்கிறது? வினா நன்று. ஆயின் விடை கூறுமுன், அது எத்தொடரினின்று பிறந்தது என்று காண்டல் வேண்டும். 'பெறுகிறது', 'இயங்குகிறது', 'செல்கிறது' என்று நாம் எழுதிய வினைகளே அதன் பிறப்பிடம். 1926இல் மாக்சு பார்ன் தந்த விளக்கத்தின்படி, அலைச்சார்பின் இருபடி, துகளை எங்குத் தேடின் காணும் வாய்ப்பு எவ்வளவு என்பதையே கூறும். துகள் சென்ற வழியைக் கூறாது. வழியே பேசாத ஒன்றினிடம் வழி வினவுமாறு மாணவனைச் செலுத்தியது நம் உரைநடை.

இதற்குத் தமிழில் வேறு வழி இல்லையோ எனின், உண்டு. முக்காலத்தும் ஒரு தன்மையாய் நிற்கும் இயல்பினைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கிளத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் வினையியலிற் காட்டும் நெறி. மலையின் நிலைபேற்றையும் தீயின் வெம்மையையும் உரையாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுவர். அடைபட்ட துகளின் நிலைகளை இயற்பியலார் 'நிலைத்த நிலைகள்' என்பர். அவற்றில் துகளைக் காணும் வாய்ப்பு காலத்தால் மாறுவதில்லை. இப்பொருளுக்குக் 'கின்று' இடைநிலை பொருந்தாது. செய்யும் என்னும் முற்றே பொருந்தும். மேற்கண்ட தொடரை நாம் இவ்வாறு எழுதுவோம்: "இரு முனையிலும் சுழியாய் முடியும் அலைகளே இப்பெட்டிக்குள் நிற்கும், அவ்வலைகளுக்கு உரிய ஆற்றல்களே இத்துகளுக்கும் உரியன." இதில் புதிய கலைச்சொல் ஒன்றும் இல்லை. துகள் வினைமுதலாகவில்லை, முனைகள் முன்வந்துள்ளன, காலம் இயல்பாய் அடங்கிற்று.

முனையின் கட்டே உள்ளிருப்பதை வரையறுக்கும் என்னும் கருத்து தமிழ் மாணவனுக்கு அயலானதும் அன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீர்த்தாய், இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாய் முடிதல் வேண்டும். இடையில் வெண்டளை பிறழாது எத்தனை அழகாகச் சொற்கள் வரினும், இறுதியில் அந்நான்கனுள் ஒன்றாக முடியாத அடி வெண்பாவிற்கு ஆகாது. தளை என்பது சமன்பாடு போன்றது. இடந்தோறும் அடுத்து வருவது யாதென விதிப்பது. ஈற்றுச்சீர் விதி சுவர் போன்றது. முழுவதையும் கொள்வதோ தள்ளுவதோ அதன்கண் உள்ளது. யாப்பருங்கலக் காரிகை கற்ற மாணவனிடம் இவ்வுவமையைக் கூறினால், எல்லை நிபந்தனை என்னும் தொடரை அவன் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஆயினும் உவமையை ஓரளவிற்கு மேல் நீட்டலாகாது. வெண்பாவைப் புலவன் முயன்று முடிக்கிறான். அலைக்கு அத்தகைய முயற்சி இல்லை. இவ்வுவமை கொண்டு பண்டைத் தமிழர் குவாண்டம் அறிந்திருந்தனர் என்று எழுதத் துணிவாரும் இருக்கக்கூடும். அது நம் கருத்தன்று. அவ்வகை எழுத்துத் தமிழுக்கும் இயற்பியலுக்கும் ஒருங்கே கேடு சூழ்வது.

வேறோர் எடுத்துக்காட்டு, தோல் வணிகத்தால் வாழும் நம் பகுதிக்கு இன்னும் அணித்தானது. முழவின் தோல், விளிம்பில் இறுகக் கட்டப்பட்டது. விளிம்பிடத்து அதிர்வு சுழி. எந்த ஒலிகள் எழும் என்பதை அவ்வட்ட விளிம்பே வரையறுக்கும். (முழவுக்குப் பதனிடாத தோலே ஆகும்; ஆம்பூர்க் கூடங்களிற் பதனிட்டு வரும் தோல் செருப்புக்கும் பைக்கும் உரியது.) வெறுந்தோலின் மேலொலிகள் அடியொலியோடு இசைந்து வாரா. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்து அவற்றை இசையும் எண்விகிதங்களுக்குக் கொணர்கின்றது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920இல் ஆராய்ந்து காட்டினார். 1993இல் அமெரிக்க ஆய்வாளர் செப்புப் பரப்பொன்றின்மீது 48 இரும்பணுக்களை வட்டமாக நிறுத்தி, உள்ளே அடைபட்ட எலக்ட்ரான்களின் அலை வளையங்களைப் படம் பிடித்தனர். அவ்வளையங்களுக்கும் வட்டத் தோலின் அதிர்வுக்கும் இடத்தைப் பற்றிய சமன்பாடு ஒன்றே. வேறுபாடும் கூறவேண்டும்: இழுத்துக் கட்டிய நரம்பின் ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும், பெட்டியில் அடைபட்ட துகளின் ஆற்றல்கள் ஒன்று, நான்கு, ஒன்பது என ஏறும். உவமை கூறுவோர் இதனை மறைப்பின் அது மயங்க வைத்தலாகும்.

இனிச் சொற்களைப் பற்றியும் சில கூறலாம். உரைநடை சீர்ப்பட்ட பின்னரே சொல்லின் குறைநிறை தெளிவாகத் தெரியும். ஈழத்தறிஞர் குவாண்டத்தைச் 'சத்திச்சொட்டு' என்றனர். ஒளியாற்றல் துளித்துளியாய் வருதலைக் குறிக்க இஃது அரிய சொல். ஆயின் சொட்டுகள் ஓரளவின என்று மனம் கொள்ளும். நம் பெட்டியிலோ நிலைகளின் இடைவெளி மேலே செல்லச் செல்ல விரியும். இவ்விடத்தில் 'குவாண்டம்' என்னும் கடன்சொல்லே தீங்கற்றது. செருமானியச் சொல்லாகிய 'ஐகன்' 'தனக்குரிய' என்னும் பொருளது. அதனைத் 'தன்மதிப்பு' என மொழிபெயர்ப்பின் சமன்பாட்டை மறந்து மாணவர் மேடைப் பேச்சை நினைப்பர். 'உரிய மதிப்பு' என்பது போதும்.

'கணு' என்னும் சொல்லே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. அலைச்சார்பு சுவர்களுக்கிடையே சுழியாகும் இடங்களைக் கணு என்கின்றோம். முதல் நிலையில் கணு இல்லை, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. எண்ணுதற்கு எளிய சொல். கரும்புக் கொல்லையைக் கண்டு வளர்ந்த மாணவன் ஒருமுறை கேட்பின் மறவான். ஆயின் கரும்பின் கணு திரண்டு புடைத்திருப்பது. முளை வருவதும் அவ்விடத்தே. அலையின் கணுவோ ஒன்றும் இல்லாத இடம். நாட்டுப்புறத்து மாணவனுக்கு இச்சொல் முற்றிலும் மாறான படத்தைத் தருதல் கூடும். சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டை ஒரு தொடரில் உரைத்துவிடின் போதும். அவ்வொரு தொடரை எழுதுவார் அரியர். 'அடைபட்ட', 'கட்டுண்ட' என்பனவற்றையும் கலந்து எழுதலாகாது. அணுவின் எலக்ட்ரான் கருவின் ஈர்ப்பால் கட்டுண்டது. பெட்டியின் துகள் சுவரால் அடைபட்டது. இவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழில் இரு வினைகள் ஆயத்தமாய் உள்ளன.

எடுத்துக்காட்டின் தேர்வும் உரையாசிரியன் திறமே. பெரும்பொருளுக்கு ஏன் இவ்வரையறை புலப்படுவதில்லை என்பதற்குப் பந்தினையும் அறையையும் காட்டுவர். அதனினும் அஞ்சறைப் பெட்டியின் கடுகு நன்று. இரண்டு மில்லிகிராம் நிறையுள்ள கடுகொன்று ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அறையில் முதல் நிலையில் இருப்பதாகக் கொள்வோம். அந்நிலையின் ஆற்றலுக்கு ஒத்த விரைவோடு அது நகரின், பேரண்டம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளில், ஒன்றரை நானோமீட்டர் தொலைவு போலக் கடந்திருக்கும். வாய்பாடு ஒன்றே, நிறையும் நீளமும் மாறின.

வாய்பாடு எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதனையும் உரை காட்ட வேண்டும். 1940களின் இறுதியில் ஆன்சு கூன் முதலியோர், சில சாயங்களின் மூலக்கூற்றுச் சங்கிலியைப் பெட்டியாகக் கொண்டு, அதனுள் ஓடும் எலக்ட்ரான்களுக்கு இக்கணக்கைப் பொருத்தி, அவை கவரும் ஒளியின் அலைநீளத்தைக் கணித்தனர். சயனின் வகைச் சாயங்களுக்கு அது நன்கு பொருந்திற்று. சங்கிலி நீள நீள, கவரும் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். தோலுக்குச் சாயம் ஏற்றும் நம் பகுதி மாணவர்க்கு இது கவர்ச்சியான செய்தியே. ஆயின் தோலுக்கு ஏற்றும் சாயங்களுள் மிகுதியானவை அசோ வகையின. அவற்றிற்கு இவ்வெளிய கணக்கு நேரே பொருந்தாது. கேரட்டின் நிறப்பொருளுக்கும் பொருந்தாது. அதன் 22 எலக்ட்ரான்களை ஏறத்தாழ 2.9 நானோமீட்டர் பெட்டியில் இட்டுக் கணித்தால், கவரும் ஒளி 1,200 நானோமீட்டரை ஒட்டி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பில் வரும். உண்மையில் கவர்வது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி; ஆதலாலேயே கேரட் செம்மஞ்சளாய்த் தோன்றுகின்றது. அதன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்து, பெட்டியின் தளம் சமமின்றிக் கிடத்தலே இதற்குக் காரணம். பொருந்திய இடத்தை மட்டும் காட்டி விடும் உரை பாதி உரையே.

சுவர் முடிவிலா உயரத்தது என்னும் கொள்கையும் கணக்கை எளிதாக்குதற்கே கொள்ளப்பட்டது. மெய்யான சுவர் எதற்கும் உயரம் உண்டு. உயரம் அளவுட்பட்டதாயின், அலைச்சார்பு சுவரிடத்துச் சுழியாகாது. சுவரினுள் சிறிது தொலைவு தேய்ந்து செல்லும். சுவர் மெல்லியதாயின் அப்புறமும் எட்டிப் பார்க்கும். கதிரியக்க அணுக்கருவினின்று ஆல்பாத் துகள் வெளிப்படுவதை 1928இல் காமோ இவ்வாறே விளக்கினார். ஆங்கிலத்தார் இதற்குச் சுரங்கம் தோண்டுதலை உவமையாக்கினர். அதனை அப்படியே பெயர்த்து 'சுரங்கமிடல்' என்னும்போது, துகள் மீண்டும் கடப்பாரை ஏந்திய வினைமுதலாகிவிடுகின்றது. 'கசிவு' என்பதை நாம் பரிந்துரைக்கலாம். தோலில் நீர் கசிதலை அறியாத வீடு நம் வட்டாரத்தில் இல்லை. கசிதலுக்குத் துளையிடுவார் ஒருவர் வேண்டுவதும் இல்லை. ஆயின் கசியும் நீர் குறைந்து குறைந்து வரும். துகளோ குறைபடாது, இப்புறமோ அப்புறமோ முழுதாகவே காணப்படும். குறைவது காணும் வாய்ப்பு மட்டுமே. ஆதலின் 'துகள் கசியும்' என்று எழுதுதல் கூடாது. 'அலைச்சார்பு கசியும்' என்றே எழுதுதல் வேண்டும்.